நடுக்கோடு

வெள்ளவத்தை ஸ்டேஷன் ரோட்டில்
போட்டோக்கொப்பி மெஷினுக்கும்
ரீலோட் கார்டுகளுக்கும் நடுவே என் கதிரை.
பெனடிக்டா அக்கா போனை நீட்டுகிறா.
இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது.
லோயர் மிஸ் கேட்டது நாற்பது செக்கன்.
"அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்களாம்."

பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து
கோப்பை இழுத்துப் போடுகிறேன்.
வட்டம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு
நீலமாய் விரிகிறது
அவவின் செவ்வாய்க்கிழமை.

முதல் எட்டு நிமிடமும் புல்.
ஏப்ரன் பொக்கெட்டுக்குள் போன் உரசி உரசி
அடர்த்தியாய் வளர்ந்த புல்.
பிறகு திடீரென்று ஒரு மலை.
"இதிலதானே அவர் கத்தினது?"
போட்டுக் கேட்டால்
கீழே ரோட்டில் பாண் ஓட்டோ!
அதன் மெட்டு ஆஸ்பத்திரிக் கண்ணாடியைத் தாண்டி
ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்திருக்கிறது.
அடுத்த மலை, யாரோ கீழே வைத்த வாளி.
அதற்கடுத்தது அவவின் இருமல்.

"அவர் கத்தவேயில்ல தம்பி."

பெரிதாக்குகிறேன்.
இன்னும் பெரிதாக்குகிறேன்.
எறும்பு போன தடம்போல ஒன்று
பதினாலாம் நிமிடத்தில் கிடக்கிறது.
ஏசியின் இரைச்சலோடு ஒட்டி,
நல்ல மனிதர் ஒருவர் தேத்தண்ணி கேட்கும் குரலில்:
ஹெட்ட இந்தலா என்ன ஓன நே.

வருவதற்கு அவர்கள் சொல்லும் சொல்
நம் காதில் கேள்வியாக விழும்.
என்ன?
அக்காவும் அப்படித்தான் கேட்டிருக்கிறா,
தமிழில், சின்னதாய்.
பத்தொன்பது வருடத்தை முடித்த வசனம்
திரையில் என் நகத்தின் உயரம்கூட இல்லை.
கண்ணை நம்பி வெட்டியிருந்தால்
லோயர் மிஸ்ஸுக்குப் பாண்தான் போயிருக்கும்.

மஞ்சள் பிடிகள் இரண்டு.
இடது பிடியைத் தள்ளிக்கொண்டு வருகிறேன்,
அவர் மூச்செடுக்கும் இடம்வரை.
கோடு நடுவைத் தொடும் புள்ளி பார்த்து வெட்டவேண்டும்.
தப்பினால் டிக் என்று ஒரு முள் நிற்கும்.
காலி ரோட்டில் நூறாம் நம்பர் பஸ் ஹோர்ன் அடிக்கிறது.
கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கிறேன்.
வசனம். அவவின் 'என்ன'. மறுபடி வசனம்.
பிறகு பதினொரு செக்கன் ஒன்றுமேயில்லை,
நூல் பிடித்ததுபோல் நேர்க்கோடு.
அதன் முடிவில்
இரண்டு சின்ன மேடு.

"தேங்க்யூ சேர்."

அக்கா கண்ணாடி மேசையைப் பார்க்கிறா.
அதன் கீழே போன் கவர்கள்,
மினுக்கம் வைத்தது, முயல் காது வைத்தது.
"அதை மட்டும் எடுத்துருங்க தம்பி.
ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல்ல."

வலது பிடியை மேட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவருகிறேன்.
நேர்க்கோடு இருக்கட்டுமா என்றேன்.
இருக்கட்டும் என்றா.
முப்பத்தெட்டு செக்கன்.
வெட்டுப்பட்டது சாம்பலாகிறது.
"அது எங்க போகும்?"
"எங்கயும் போகாது அக்கா, முழுசும் உங்கட போன்லயே இருக்கு.
அழிச்சிராதீங்க, கோட்ல கேப்பாங்க."

முழுசும் என்றதும் முகம் ஒருமாதிரிப் போனது.
நான் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.
ஆனால் அது உண்மை.

புதுக் கோப்புக்குப் பெயர் கேட்டது பெட்டி.
'பெனடிக்டா 1' என்று அடித்தேன்.
நூறு ரூபா என்றேன், நூற்றைம்பது வைத்தா.
கதவடியில் திரும்பி வாயைத் திறந்தா,
அந்த முதல் மேடு எழும்பப்போகிற மாதிரி.
மூடிக்கொண்டா.
தலையை மட்டும் ஆட்டிவிட்டு
ரயில் தண்டவாளப் பக்கம் நடந்தா.

திரையில் சாம்பல் இன்னும் அப்படியே.
மாற்றங்களைக் கைவிடவா என்று கேட்கிறது பக்கம்.
அதற்குள் ஒருவர் அடையாள அட்டையோடு வந்து
இரண்டு பக்கமும், மூன்று கொப்பி என்றார்.