அறுபத்து நான்கு கதவுகள்

மலைமேல் களஞ்சியத்தில் அறுபத்து நான்கு கதவுகள்.
ஏணி கிடையாது,
சுவரில் துருத்திய பலகைக்கற்கள்தாம் படி.
கொள்ளையருக்கு அஞ்சிய காலத்தில்
வாற்கோதுமை, வாதுமை, ஆர்கன் எண்ணெய்,
கல்யாணப் பத்திரம், கடன் பத்திரம் எல்லாம்
இங்கேதான் பூட்டிக் கிடந்தன என்று
நாளுக்கு நான்கு முறை சொல்கிறேன்,
பிரெஞ்சில்.

பிரெஞ்சு எனக்கு மத்திமீன் ஆலையில் கிடைத்தது.
ஆறு வருஷம் அகாதிர் துறைமுகத்தில்
தலை கிள்ளி, குடல் உருவி, டப்பாவில் அடுக்கி.
மேற்பார்வையாளரின் வசவை முதலில் கற்றேன்,
நன்றி சொல்வதைப் பிற்பாடு.

ஊர் திரும்பியபோது சங்கம் தொடங்கியிருந்தது.
'பாரம்பரியக் கிராமம்' என்று
மூன்று மொழியில் ஓர் அம்புக்குறி.
நுழைவுச்சீட்டு இருபது திர்ஹாம்.
கழுதை மட்டுமே ஏறிய பாதையில்
இப்போது ஒரு புழுதி அடங்குமுன் அடுத்த புழுதி.
பொய் சொல்ல மாட்டேன்:
ஹம்முவின் மகனுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது.
மேல்தெருவுக்குக் குழாய் வந்தது.
இஜ்ஜா மூன்று அறைக்கு வெள்ளையடித்து
விருந்தினருக்கு விட்டாள்.
முட்டைக்கூடையோடு அவள் சந்தைக்கு நடப்பதில்லை,
சந்தை அவள் வீட்டுக்கு வந்து
காலை ஆம்லெட் கேட்கிறது.

'உங்கள் குடும்பத்தின் அறை எது?'
எல்லாக் குழுவிலும் ஒருவர் கேட்பார்.
கைபோன திசையில் ஒரு கதவைக் காட்டுவேன்.
திங்களன்று பன்னிரண்டாவது.
புதனன்று மேல்வரிசையில், அத்திமரப் பூட்டு போட்டது.
அதைப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

எங்களுக்கு அறை இல்லை.
எங்கள் வாற்கோதுமை அவ்வளவு உயரம் ஏறியதில்லை.
கைக்கும் வாய்க்கும் நடுவில்
அறை கட்ட இடம் ஏது?
அப்பாவின் அப்பா இந்த வாசலில் காவல் இருந்தவராம்.
உள்ளே வைக்க ஒன்றுமில்லாதவன்தானே
எல்லாருக்கும் பொதுவான காவலன்.

வருஷக் கடைசியில் போர்வை விரித்துப் பணம் எண்ணினார்கள்.
செயலர் பிஹி வாசித்தான்:
கதவு அறுபத்து நான்கு, பங்கு அறுபத்து நான்கு.
லீல் நகரில் குடியேறிய குடும்பத்துக்கும் உண்டு,
ஒன்பது கதவுக்கு ஒன்பது,
வங்கிவழியாக.
'கதவில்லாத ஏழு வீட்டுக்கு?' என்றேன்.
யாரோ இருமினார்கள்.
தேநீர் இரண்டாம் சுற்று வந்தது.
'அடுப்பை எண்ணுங்களேன், கதவை ஏன் எண்ணுகிறீர்கள்'
என்றாள் இஜ்ஜா, தட்டைத் துடைத்தபடி.
வாதுமை உதிர்த்து முடியட்டும், பேசுவோம் என்றார்கள்.
வாதுமை உதிர்த்து, உடைத்து, விற்றும் ஆயிற்று.

போன வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பையன் கேட்டான்,
'உன் அறை எது?'
வெயிலா, அவன் பல் விழுந்த வாயா தெரியவில்லை,
'இல்லை' என்றேன்.
பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.
குறிப்பெடுத்தவரின் பேனா நின்றது.
ஓர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கீழே இறங்க அன்று யாருக்கும் அவசரமில்லை.

மாலையில் பிஹி ஓடிவந்தான், முகமெல்லாம் பல்.
'மாமாஸ், அந்த அறையில்லாத கதை,
அதை நாளைக் குழுவுக்கும் சொல்லு.
இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?
களஞ்சியத்தைவிட அது பிடித்துப்போயிற்று அவர்களுக்கு.'

சொல்கிறேன், என்றேன்.
அதற்குத் தனிச்சீட்டு. ஐந்து திர்ஹாம்.
ரசீதுப் புத்தகம் என்னிடம் இருக்கும்.

சனிக்கிழமை முப்பத்தேழு சீட்டு கிழித்தேன்.
நூற்று எண்பத்தைந்து.
ஏழு வீட்டுக்கு வகுத்தேன், தலைக்கு இருபத்தாறு,
மூன்று திர்ஹாம் மீதி.

மீதி என்ற ஒன்றை
எங்கள் பக்கத்தில் யாரும் கையாண்டதில்லை.
முந்தானையில் முடிந்தேன், அவிழ்த்தேன்.
ஞாயிறு காலை பிஹியின் வாசலில் போய் நின்றேன்.
முப்பத்தொன்றாவது இடிந்துதானே கிடக்கிறது,
சாவியைக் கொடு,
வைக்க ஒன்று இருக்கிறது என்றேன்.