சதைப்பக்கம்

இந்த ஞாயிறு பாடம் வாசிக்க என் முறை.
விருத்தசேதனம் என்ற இடத்தில்
நாக்கு வழுக்கியது.
பெண்கள் பக்கம் யாரோ இருமினார்கள்.
அது இருமல் இல்லை.
ஐயர் பிரசங்கத்தில் அந்தச் சொல்லைத் தொடவில்லை;
கோபுரம் கட்டும் கணக்குக்குத் தாவிவிட்டார்.

எனக்குத் தோல் தெரியும்.
பேரணாம்பட்டில் பத்தொன்பது வருஷம்
இஸ்ஹாக் பாய் தோல்ஷாப்பில் சதை சீவுகிறேன்.
சுண்ணாம்புக் குழியிலிருந்து ஏறி வரும் ஆட்டுத்தோலுக்கு
மயிர்ப்பக்கம் ஒன்று, சதைப்பக்கம் ஒன்று.
மயிர்ப்பக்கத்தைத் தடவித்தான் விலை பேசுவார்கள்.
என் கத்தி போவது மறுபக்கம்:
கொழுப்பு, சவ்வு,
செத்த பிறகும் விடாமல் ஒட்டிக் கிடக்கும் சதை.
அதை எடுக்காவிட்டால்
டிரம்மில் எத்தனை மணி சுற்றினாலும்
மருந்து உள்ளே இறங்காது.
மேலே நீலமாகத் தெரியும்.
வெட்டிப் பார்த்தால் நடுவில் பச்சைத்தோல்,
நாலு நாளில் நாறும்.

போன மாதம் மேஸ்திரி கலீலின் பையனுக்கு சுன்னத்.
மாலையோடு உட்கார்ந்திருந்தான்,
கை நிறைய பத்து ரூபாய் நோட்டு,
அழுவதா எண்ணுவதா என்று தெரியாமல்.
பந்தியில் கலீல் கேட்டான்:
'உங்க வேதத்துலயும் இருக்காமே, ஏன் விட்டுட்டீங்க?'
'விடல. எடம் மாத்திட்டோம்.'
நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.
அவன் என் சட்டைப்பையைப் பார்த்தான்.
'அங்க கத்தி போகுமா?'
சிரித்தோம். கறி நன்றாக வெந்திருந்தது.

ராத்திரி தூக்கம் இல்லை.
அந்தச் சொல் எங்கள் வேதத்தில்
ஓரிடத்தில் நிற்பதில்லை.
ராஜாவிடம் பேசப் பயந்தவன்
தன் உதட்டுக்கே அது ஆகவில்லை என்கிறான்.
கேட்க மறுக்கும் காதுக்கும் அதே பேர்.
நட்ட மரத்துக்கும்கூட:
முதல் மூன்று வருஷக் காயைத் தொடாதே,
நாலாம் வருஷம் கர்த்தருக்கு,
ஐந்தாம் வருஷம் தின்னலாம்.

என் வீட்டுப் பின்னால் ஒரு கொய்யா.
அதை நட்ட வாரம்தான்
எப்பிராயீமும் நானும் பேச்சை விட்டோம்.
கூடப்பிறந்தவன்.
ஒன்றரை அடிச் சந்து,
அதன் ஓரத்துச் சுவர் யாருடையது என்று
குடியாத்தம் முன்சீப் கோர்ட்டில்
இன்னும் வாய்தா ஓடுகிறது.
இன்று நான் வாசித்தபோது
நாலாம் பெஞ்சில் தலை குனிந்து
பாட்டுப் புத்தகத்தின் மூலையைக்
கிழித்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி சலோமிக்கு
வேலூரில் இருதய ஆபரேஷன் என்று தெருவே சொன்னது.
என் காதில் விழவில்லை.
விழுந்தது.
டிரம் சத்தம் என்று சொல்லிக்கொண்டேன்.
அந்த வாரம் நானும் வேலூர் போனேன்.
பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது,
முன்னால் இருந்தவர்கள் ஃபைல்களோடு இறங்கினார்கள்.
நான் மார்க்கெட் வரை போய்
சாணைக்கல் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இது ஐந்தாம் வருஷம்.
மரம் சுவர் தாண்டிச் சாய்ந்து
அந்தப் பக்கம்தான் நிறையக் காய்க்கிறது.
விழுந்ததை அவர்கள் எடுப்பதில்லை.
விடிகாலையில் துடைப்பச் சத்தம் கேட்கும்.

கத்தியில் எனக்குப் பெருமை உண்டு.
அழுத்தினால் தோல் கிழியும்,
பயந்தால் சதை நிற்கும்.
இந்த வருஷம் ஒரு ஓட்டை போடவில்லை.
ஆனால் எப்போதும் நான் கத்திப் பக்கம்.
பலகைமேல் கவிழ்ந்து கிடக்கும் பக்கம்
போனதே இல்லை.

மதியம் நாலு பழம் பறித்தேன்.
ஒன்றில் அணில் கடி, அதை எனக்கு வைத்துக்கொண்டேன்.
தெருவைச் சுற்றிப் போனால்
அவன் வாசல் நாற்பது எட்டு.
சலோமிதான் திறந்தாள்.
கழுத்துக்குழிக்குக் கீழே
தையல் தழும்பின் நுனி மட்டும் தெரிந்தது,
மீதி புடவைக்குள்.
ஒரு வார்த்தை தயாராக வந்திருந்தேன்.
உதட்டில் வந்து ஒட்டிக்கொண்டது.
அவள் பழத்தைப் பார்த்தாள்,
என் கையின் சுண்ணாம்பு வெடிப்பைப் பார்த்தாள்.
'உப்பு எடுத்துட்டு வரேன்' என்றாள்.

உள்ளே டிவி சத்தம்
குறைந்தது.