பின் இடது முதலில்

"மிதி" என்கிறேன்.
மேலே சீட்டு கிறீச்சிடுகிறது.
"பிடி."
பிடித்துவிட்டேன் என்று வாய் திறந்து சொல்ல மாட்டான்,
கதவில் ஒரு தட்டு.
பதினொன்றாம் நம்பர் ஸ்பானரைக் கால் சுற்று திருப்புகிறேன்.
குழாயில் கட்டஞ்சாயா நிறத்தில்
நுரைத்து இறங்குகிறது பழைய பிரேக் ஆயில்.
மூடுகிறேன்.
"விடு."

நாற்பத்தியொரு நாளாகப் பேச்சில்லாத
செகு நயினாவுக்கும் எனக்கும்
இன்று காலையிலிருந்து இந்த மூன்று சொல்.
ஒரு ஆளால் ஆகிற வேலையென்றால்
கூப்பிட்டிருக்க மாட்டேன்.
கீழே கிடப்பவனுக்கு மிதி எட்டாது,
மேலே இருப்பவனுக்கு நிப்பிள் தெரியாது.
வண்டியைச் செய்தவன் எவனோ
சண்டைக்காரர்களை நினைத்துச் செய்திருக்கிறான்.

வாலிநோக்கம் உப்பளத்துக்கு வெளியே
உடைமரத்து நிழல் என்று சொல்லிக்கொள்கிற ஒன்றில்
உரச்சாக்கு விரித்துக் கிடக்கிறேன்.
கச்சான் காற்று கண்ணில் உப்பு தூவுகிறது.
இங்கே இரும்புக்கு வயசு இரட்டை.
நிப்பிள்களுக்கு ராத்திரியே டீசல் ஊற்றி வைத்தும்
முன் வலது தலை முறிந்து
ஏர்வாடி லேத்துக்குப் போய்வர நேர்ந்தது.

நடந்தது இதுதான்.
ஆயில் குறைந்திருக்கிறதென்று
கைக்கு வந்த டப்பாவைத் திறந்து ஊற்றினான் நயினா.
ஸ்டியரிங் ஆயில்.
சிவப்பாக இருக்குமே, கண் எங்கே போனது என்றேன்.
இருட்டில் எல்லாம் ஒரு நிறம் என்றான்.
மூன்றாம் நாள், சிலிண்டருக்குள் ரப்பரெல்லாம்
ஊறப்போட்ட கொண்டைக்கடலையாய் வீங்கி,
எட்டு டன் உப்போடு கரைச்சரிவில் இறங்கையில்
மிதி தரையைத் தொட்டது.
வெறும் பானைக்குள் கால் விட்டது போல.

எதிரே கூடையோடு ஏழெட்டுப் பொம்பளையாட்கள்.
உப்பு அம்பாரத்துக்குள் திருப்பினேன்.
வெள்ளையில் புதைந்து நின்றது வண்டி.
யாருக்கும் ஒன்றுமில்லை.
ஒருத்தி மட்டும் கண்ணாடியில் உப்பைத் துடைத்து
உள்ளே பார்த்து, "செத்துட்டியா?" என்றாள்.
தெரியலை என்றேன்.

அன்றைக்கு நயினாவை என்ன சொன்னேனோ
அதில் அவன் அம்மாவும் வந்தாள்.
அவள் மையத்துக்கு இதே வண்டியில்தான்
கீழக்கரைக்குச் சனம் ஏற்றிப் போயிருந்தோம்.
ரெண்டு மாசம்கூட ஆகவில்லை.

பின் இடது தெளிந்தது. பின் வலதும்.
புது டின்னை இன்றைக்குத்தான் பிரித்தோம்.
திறந்து கிடந்தால் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும்,
கடலோரத்தில் கேட்கவே வேண்டாம்.
ஈரம் குடித்த ஆயில் மலையிறக்கத்தில் கொதித்துவிடும்.
இந்தப் பக்கம் மலை கிடையாது.
இருந்தாலும்.

முன் இடதில் குமிழி நிற்கவே இல்லை.
மிதி, பிடி, விடு.
மிதி, பிடி, விடு.
பதினெட்டாவது தடவை மேலிருந்து குரல்:
"டப்பா காலி. காத்து இழுக்குது."
"முந்தியே சொல்றதுக்கென்ன?"
"நீ கேக்கலையே."

திரும்பவும் முதலிலிருந்து. பின் இடது.

ஊற்றும்போது டின்னைக் கதவு விளிம்பில் வைத்திருக்கிறான்.
வழிந்தது எனக்குத் தெரியாது.
குடிக்க வைத்திருந்த தண்ணீரை அவன்
கேனோடு கவிழ்த்தபோதுதான் எழுந்து வந்து பார்த்தேன்.
பெயிண்ட் கொப்புளித்து உரிந்துவிட்டது.
நயினா – கூரி என்று
மஞ்சளில் எழுதி வாங்கிய இடத்தில்
நயினா – கூ.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.
"எழுதிக்கலாம்" என்றான்.

நாலு மணிக்கு மிதி கல்லாக நின்றது.
"எடு" என்றேன்.
உப்பு படிந்த தரையில் அவன் வேகமாக வந்து
மிதித்தான்.
நாலு கோடும் நேராக நின்றன.
நான் ஓரமாகத்தான் நின்றிருந்தேன்.
நம்பிக்கை வேறு, பிரேக் வேறு.

பாட்டில் நிறையப் பழைய ஆயில்.
எங்கே கொட்ட என்று கேட்டான்.
பாத்தியில் கூடாது. கடலில் கூடாது.
மூடியை இறுக்கித் திருகி
சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்தோம்.
இன்னும் அங்கேதான் உருள்கிறது,
திருப்பத்தில் எல்லாம் சத்தம் கேட்கும்.