கல்லாவுக்கு இந்தப் பக்கம்

ட்ரினிடாட் என்றால் தீவு இல்லை,
கொலராடோவின் தெற்கு ஓரத்தில் ஓர் ஊர்.
நிலக்கரி தீர்ந்து வெகுகாலம் கழித்து
எங்களுக்குக் கஞ்சா வந்தது.
மூடிப்போன வங்கியில் கடை,
பெட்டக அறையில் சரக்கு.
இருபத்தொன்று ஆகிவிட்டதா என்று
அட்டையைப் பார்ப்பது என் வேலை.
வயிற்றைப் பார்ப்பது என் வேலை இல்லை.

ரமோனா ஆர்ச்சுலெட்டா வந்தது மார்ச்சில்.
கையில் ஒரு பிளாஸ்டிக் பை, வாந்திக்கு.
ஒன்பதாவது வாரம்.
தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றாள்.
மாத்திரை கொடுத்தார்களாம்,
மாத்திரையும் வந்த வழியே போனது.
பெரிய டாக்டர் புவெப்ளோவில், எண்பத்தைந்து மைல்.
"இது பாதுகாப்பா?"

எனக்குப் பயிற்சி இரண்டு நாள்.
எது தூங்க வைக்கும், எது சிரிக்க வைக்கும்,
ரசீது எப்படி அடிப்பது.
சொன்னேன்:
"செடிதானே.
என் அண்ணி இரண்டு பிள்ளைக்கும் இழுத்தாள்,
இரண்டும் கன்றுக்குட்டி மாதிரி துள்ளுகின்றன."
மூத்தவன் எழுத்துக் கூட்டப் படும் பாட்டைச் சொல்லவில்லை.
அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடலாமா,
தெரியாது.
தெரியாது என்ற சொல்
அன்று கடையில் இருப்பு இல்லை.

பொட்டலத்தின் முதுகில் ஓர் எச்சரிக்கை உண்டு,
எறும்பு எழுத்தில்.
விலைச்சீட்டை அதன் மேல்தான் ஒட்டுவோம்.
வேறு இடம் கிடையாது.

மறுவாரம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
பச்சை மிளகாய்க் குழம்பு, ஒரு கிண்ணம்,
உள்ளேயே நின்றது என்றாள்.
அந்தச் சிரிப்பு பொய் இல்லை,
அதையும் எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் கடைசியில், மூன்று வாரம் முன்கூட்டியே,
பெண்.
நாலே முக்கால் பவுண்டு.
நாங்கள் கிராமில் நிறுப்பவர்கள்,
அந்த எடையை எப்படிக் கையில் வாங்குவது என்று தெரியவில்லை.

இடுப்பு வலிக்கு நடுவே நர்ஸ் கேட்டாளாம்,
ஏதாவது புகைக்கிறாயா,
மயக்க மருந்தின் அளவுக்காகத்தான், பயப்படாதே.
பயப்படாமல் சொன்னாள்.
சொன்னதற்காகக் குழந்தையின் காட்டுப்பீயை
டப்பாவில் அடைத்து ஆய்வகம் அனுப்பினார்கள்.
இந்த உலகுக்கு அந்தச் சிசு கொடுத்த முதல் பொருள்.
அதற்குள் என் கடை இருந்தது.

மூன்றாம் நாள் மாவட்ட ஆபீஸ் பெண்மணி
குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள்,
டயப்பரை எண்ணினாள்,
அலமாரிக்குப் பூட்டு உண்டா என்றாள்.
ரமோனா எல்லாவற்றுக்கும் "உண்டு" என்றாளாம்,
பூட்டு இல்லாத வீட்டில்.

குழந்தையோடு கடைக்குள் வர முடியாது, சட்டம்.
கண்ணாடிக்கு வெளியே நின்றாள்.
நான் வெளியே போனேன்.
"அதனாலா?" என்றாள்.
டாக்டரிடமும் இதையே கேட்டிருக்கிறாள்.
இருக்கலாம், அவர் சொன்னாராம்,
பட்டினியாலும் இருக்கலாம், பிரித்துச் சொல்ல வழியில்லை.
ஆனால் எடை குறைகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறோம்,
அதனால்தான் வேண்டாம் என்கிறோம்.
அன்றே வந்திருந்தால் டிரிப் ஏற்றியிருப்போம்,
வேறு மருந்து இருக்கிறது.
பால் வழியாகவும் இறங்கும், இனித் தொடாதே.
தொடவில்லை என்றாள் என்னிடம்,
நான்தான் கேட்டதுபோல.
போர்வைக்குள் ஒரு கை,
என் கட்டைவிரல் அளவு,
எதையோ பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

நேற்று இன்னொருத்தி.
மசக்கை என்று அவள் வாய் திறக்குமுன்
உதட்டோரத்து வறட்சியில் கண்டுகொண்டேன்.
"எனக்குத் தெரியாது" என்றேன்.
"டாக்டரிடம் போ. வண்டி இல்லையென்றால்
நான் ஆறு மணிக்கு மேல் வருகிறேன்."
முறைத்துவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

எதிரே இன்னொரு கடை.
கல்லாவில் ஒரு பையன், நல்லவன்.
அவனுக்கும் ஓர் அண்ணி இருப்பாள்.