அரைப் பணியிடம்

ஐந்நூறு தலை இருந்தால் ஊருக்கு ஒரு மருந்தகம்,
ஒரு முழுச் சம்பளம், ஆண்டுக்கு இரண்டு டன் நிலக்கரி.
குறைந்தால் இல்லை.
விதியை நான் எழுதவில்லை.
காராஜாலின் குடும்ப ஏடு என் மேசையில் கிடக்கிறது,
அவ்வளவுதான் எனக்கும் அரசாங்கத்துக்கும் உறவு.

ஏட்டில் ஐந்நூற்றுப் பதினொரு பேர்.
எண்ணிப் பார்க்க மாவட்டத்திலிருந்து வந்தவர் எசென்பெக்.
மெல்லிய நகரத்துச் சப்பாத்து, தோள்பை,
நான்கு நிறம் எழுதும் ஒரே பேனா.
வீடு வீடாகப் போனோம்.
துருசுன்பாய் எங்கே?
மேய்ச்சலில்.
அவர் மனைவி?
மேய்ச்சலில்.
இந்த நான்கு பிள்ளைகள்?
அவர்களும்தான், என்றேன்.

ஜனவரி மாதம்.
மலைமேல் போகும் கணவாய்
அக்டோபரிலேயே மூடிவிட்டது.
அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை.
பேனாவைச் சிவப்புக்குத் திருப்பினார்.

மாஸ்கோவில் தெருப்பனி அள்ளுகிறார்கள் என்று
சொல்லியிருக்கலாம்.
மருந்தகத்துக் கூரைக்குத் தகரம் போட்டது
அவர்கள் அனுப்பிய பணம் என்றும்.
ஊரில் இல்லாதவர்கள் போட்ட கூரை.
அவருடைய படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

சாயங்காலம் அவருக்குத் தலை சுற்றியது.
இந்த உயரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது.
காலிபா அவரை உட்காரவைத்து
கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள்.
நூற்றெழுபது, என்றாள்.
நாக்கடியில் ஒரு மாத்திரை.
பிறகு தன் நோட்டை நீட்டி
"இங்கே ஒரு கையெழுத்து.
இன்றைக்கு ஒன்பதாவது நோயாளி நீங்கள்."
போட்டார், பச்சையில்.
அந்தப் பச்சையை நான்
இரண்டரை மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் கடிதம் வந்தது.
நேரில் காணப்பட்டோர் நானூற்று முப்பத்தாறு.
எனினும், பரிவின் அடிப்படையில்,
பூஜ்யம் புள்ளி ஐந்து பணியிடம்.
காலை ஒன்பது முதல் மதியம் ஒன்று வரை.
மற்ற நேரத்துக்கு மாவட்ட மருத்துவமனை பொறுப்பு.
எண்பத்து நான்கு கிலோமீட்டர்.

கடை வாசலில் சிரிப்பு அடங்க நாளானது.
எந்தப் பாதியைத் தந்திருக்கிறார்கள்,
இடுப்புக்கு மேலா, கீழா?
காலிபாவும் சிரித்தாள்.
சம்பளம் பாதி, நிலக்கரி பாதி,
அடுப்பு மட்டும் பழைய அளவிலேயே வாய் திறந்திருந்தது.

குல்சைராவுக்கு வலி கண்டது
மே மாதம், ராத்திரி ஒரு மணிக்கு மேல்.
இரவு உடைமேல் கணவனின் கோட்டை மாட்டிக்கொண்டு
காலிபா ஓடியதை நாய்கள் எல்லாத் தெருவுக்கும் சொல்லின.
கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம்.
மூன்று இருபதுக்குக் குழந்தை அழுதது;
என் வீட்டுவரை கேட்டது என்று சொல்வது பொய்,
ஆனால் நான் விழித்திருந்தேன்.

காலையில் அலுவலகத்துக்கு வந்தாள்.
நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.
படிவத்தில் எல்லாம் எழுதியிருந்தது:
ஆண், மூன்று கிலோ நூறு, தாய் நலம்.
நேரம் என்ற இடம் மட்டும் காலி.
"அந்த நேரத்தில் எனக்கு அங்கே வேலையில்லை" என்றாள்.
"ஏதாவது ஆகியிருந்தால், தொட்டதே குற்றம்."

இருபத்தோரு வருடத்தில் நான்
ஒரு எண்ணைக்கூட அடித்துத் திருத்தியதில்லை.
இதுவும் திருத்தம் இல்லையே, காலி இடம்தானே.
பத்து இருபது என்று எழுதினேன்.
முத்திரைக்கு மை போதவில்லை,
இரண்டு தடவை குத்தினேன்.

பிறகு பழகிவிட்டது.
காராஜாலில் இப்போது எல்லோரும்
ஒன்பதுக்கும் ஒன்றுக்கும் நடுவில் பிறக்கிறார்கள்.
நெஞ்சுவலி, ஜுரம், பாம்புக்கடி,
எதுவும் வேலை நேரம் தாண்டுவதில்லை.
போன வாரம் மாமிர் நிலா வெளிச்சத்தில்
குதிரையிலிருந்து விழுந்து கால் ஒடித்துக்கொண்டது
பதினொன்றே முக்காலுக்கு.
எது பதினொன்றே முக்கால் என்று ஏட்டில் தெளிவாக இருக்கிறது.

என்றைக்காவது ஒருநாள்
நான்கு நிறப் பேனாவோடு யாராவது வந்து
பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கேட்கக்கூடும்,
உங்கள் ஊரில் இரவு எங்கே என்று.

மேய்ச்சலில், என்பேன்.