சிவப்பில் எது நல்லது

அருவங்காட்டு வெடிமருந்து ஆலையில்
மாதிரி சோதிக்கிறவன் நான்.
அதனாலேயே டிசம்பர் பிறந்தால்
குன்னூரில் ஒயின் போடும் வீடெல்லாம்
என் நாக்கையும்
அரசு முத்திரை குத்திய கருவி என்று நம்புகின்றன.

ஒரு மடக்கு. உடனே கண்ணை மூட வேண்டும்.
மூடாவிட்டால் பெர்சி லாசரஸ் வருத்தப்படுவார்.

பெர்சியுடையது கம்பம் பன்னீர் திராட்சை.
கிராம்பு நாலு, கோதுமை ஒரு பிடி,
பீங்கான் ஜாடியில் இருபத்தொரு நாள்,
தினமும் மாலை ஆறுக்கு அதே மர அகப்பை.
ஒழுங்கான மனிதரின் ஒழுங்கான இனிப்பு.
சம்பந்தி வரும் வீடுகளுக்கு
இதைத்தான் சொல்லி அனுப்புவேன்.

குரியன் டாக்டர் பிளம்ஸில் போடுகிறார்.
முதல் வாய் புளிப்பு.
இரண்டாவதும் புளிப்பு.
மூன்றாவதில்தான் பழம் வந்து கதவைத் திறக்கும்.
அதுவரை வாசலில் நிற்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இது.
அப்படி இரண்டு பேரைத்தான் கண்டேன்,
அதில் ஒருவர் குரியன் டாக்டர்.

எஸ்தர் மிஸ் மரத்தக்காளியில்.
'நிறம் அபாரம் மிஸ்' என்கிறேன்
பதினோரு வருஷமாக.
நிறத்துக்குக் கீழே என்னவென்று
அவரும் கேட்டதில்லை.

கடையில் வாங்குவதென்றால்
நாசிக்கிலிருந்து வந்த உயரமான பாட்டில் ஒன்று,
ஆயிரத்துச் சொச்சம்.
ஆட்டுக்கறியோடு ஒத்துப்போகும்.
நம் குளிரோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

இவ்வளவையும் இளவழுதிக்குச் சொன்னேன்.
விருதுநகரிலிருந்து மாற்றலாகி வந்த
வங்கி மேலாளர்;
காதில் மப்ளர், கையில் சின்ன நோட்டு.
'சிவப்பில் எது நல்லது சார்?' என்றார்,
எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று கேட்கிற மாதிரி.
நான் சொல்லச் சொல்ல எழுதினார்.
பெர்சியின் பெயருக்குக் கீழே கோடு போட்டார்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் சிவபாக்கியம்,
மேட்டுப்பாளையம் மண்டி கழித்துத் திருப்பிய பீட்ரூட்டில்
வருஷத்துக்கு ஆறே பாட்டில் போடுவாள்.
ஊறிய துணி போல ஒரு வாசனை முதலில்.
பிறகு, மழை விட்டு அரைமணி கழித்து
யாரோ பாத்தியைக் கிளறுவார்கள் உள்ளே.
தொண்டையைத் தாண்டிய பின்
எங்கிருந்தோ ஒரு மிளகு.
சொன்னால் சிரிப்பார்கள். பீட்ரூட்டா?
சிரிக்கட்டும் என்றுதான் சொல்லாமல் இருந்தேன்
என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
ஆறு பாட்டில்தானே என்பதே உண்மை.

புது வருஷத்துக்கு மறுநாள்
இளவழுதி வந்தார். மப்ளர் இல்லை.
பையிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.
'உங்களுக்கே தெரியாத ஒன்று சார்!
மகளிர் குழுக் கடனுக்கு வீடு பார்க்கப் போனேன்,
ஒரு அம்மா டம்ளரில் கொடுத்தார்கள்.
மிச்சம் இருந்த நாலையும் எடுத்துக்கொண்டேன்.'

ஊற்றினார்.
இந்த முறை கண் தானாக மூடியது.
பாத்தி. மழை. மிளகு.

'எப்படி?'

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக
பொய் அறிக்கை கொடுத்தேன்.
'சுமார்தான். மண் வாடை கொஞ்சம் தூக்கல்.'

அவர் தன் டம்ளரை எடுத்து
இன்னொரு வாய் குடித்தார்.
நோட்டைத் தேடவில்லை.
ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
'இல்லை சார்,' என்றார் மெதுவாக,
'இதில் நீங்கள் தப்பு.'

மூடியைத் திருகி
பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.
கேட் வரைக்கும் போனேன்.
பனி இறங்கியிருந்தது, ஆனாலும் முகம் தெரிகிற பனிதான்.
பல்லெல்லாம் சிவப்பு எனக்கு.
வாயைத் திறக்காமல்
கையசைத்தேன்.