எட்டு இடம்

சுங்கை நிபோங் மாமாக் கடை, விடிகாலை மூன்று மணி.
தே தாரிக்கின் நுரை அடங்குவதற்குள்
புவனேந்திரன் கேட்டான்:
பதினான்காம் அத்தியாயம், உடைந்த பாலம்.
பன்னிரண்டு பேரில் எட்டுப் பேரைத்தான் இறக்கலாம்.
யாரை விடுவாய்?

நான் யோசிக்கவே இல்லை.
கொர்வானை, என்றேன்.
அந்த நரைத்தாடிக் குதிரைவீரனை.
முதல் அத்தியாயத்தில் எல்லாரையும் காப்பவன் அவன்தான்,
ஒரே வெட்டில் ஓநாயைச் சாய்ப்பான்,
அதில்தான் நாம் ஏமாறுகிறோம்.
அவன் கொல்லும் ஒவ்வோர் எதிரியும்
வேறொருத்தர் தட்டில் விழவேண்டிய சோறு.
அனுபவப் புள்ளியைத் தின்பான், வளரமாட்டான்.
அதையே வில்காரச் சிறுமி இஷேலுக்குக் கொடுத்துப் பார்,
இருபதாம் அத்தியாயத்தில்
டிராகனின் கண்ணை எடுத்துவிடுவாள்.

புவன் ரொட்டி சானாயைப் பிய்த்தான்.
சாப்பிடவில்லை.

அவன் பக்கத்தில் நின்றால்
மற்றவர்களுக்குத் தற்காப்பு கூடுமே, என்றான்.

இரண்டு புள்ளி. இரண்டு புள்ளிக்கு ஓர் இடமா?
அவன் வேகம் ஐந்து, ஈட்டிக்காரனுக்கு ஒன்பது.
நாலு கூடினால் இரண்டு தடவை குத்துவான், தெரியும்தானே.
சுமந்து திரிய அவன் என்ன உன் மாமனா?

ஒருத்தர் செத்தாலும் போதும்,
சேமித்த இடத்துக்குத் திரும்பி
முதலிலிருந்து ஆடுகிறவன் புவன்.
ஓர் அத்தியாயத்தை முடிக்க ஒரு வாரம் எடுப்பான்.
நான் செத்தவர்களைப் போட்டுவிட்டு
அடுத்ததுக்குப் போகிறவள்.
இதில் எங்களுக்குள் எப்போதும் சண்டை.

அவனுக்கொரு கதை இருக்குதே லா, என்றான்.
இருக்கிறது. முகாமில் பேசினால் சொல்வான்,
மகள் கல்யாணத்துக்குப் போக முடியாத கதை.
கதையை முகாமில் கேட்டுக்கொள்,
பாலத்தில் கேட்காதே, என்றேன்.
சொன்னது எனக்கே பிடித்துப்போய்
பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி
இன்னொரு தடவை சொன்னேன்.

ரசீதின் பின்பக்கம் எதையோ எழுதினான்.
அணிவரிசை என்று நினைத்தேன்.

பாயான் லெப்பாஸில் எங்களுக்கு ஒரே கிலாங்.
மூன்றாம் மாடியில் அவன் லைன் லீடர்,
நான் இப்போது கீழே, பேக்கிங்கில்.
திங்கட்கிழமை பஸ்ஸில்
பாக்கியவதி அக்காவின் இருக்கையில்
யாரோ பையை வைத்திருந்தார்கள்.

இருபத்தாறு வருடம்.
நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து
கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது.
நான் சேர்ந்த முதல் வாரத்தில்
என் தட்டுகளையும் சேர்த்து முடித்துக்கொடுத்தவர்.
புது மெஷினுக்கு அந்த வேகம் போதவில்லையாம்.
பன்னிரண்டு பேர் இருந்த லைன்.
எட்டு போதும் என்றார்களாம் மேலே.

புவனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை.
மதியம் ஒரு செய்தி வந்தது:
நீ சொன்னதில் தப்பில்லை. கணக்கு சரிதான்.

கணக்கு சரிதான்.
இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.
வேகம் ஐந்து, பாலம் குறுகல், இடம் எட்டு.
விளையாட்டைப் பற்றித்தான் கேட்டான் என்றும் சொல்வேன்.
ரொட்டி ஆறிக் கிடந்ததை மட்டும்
சொல்லமாட்டேன்.

நேற்று ராத்திரி பாலத்துக்குத் திரும்பிப் போனேன்.
இஷேலை முகாமில் உட்கார வைத்தேன்.
கொர்வானை நிறுத்தினேன், இடதுபக்க உடைசலில்,
ஓர் ஆள் மட்டுமே நிற்கக்கூடிய கட்டத்தில்.
ஈட்டிக்காரன் குத்தினான்.
இரண்டாம் தடவையும் குத்தினான்.
ஆறு உயிர்ப்புள்ளி மிச்சம்.
மூலிகைக்காரியை ஓடவிட்டேன்,
ஒரே ஒரு கட்டம் எட்டவில்லை.
கொர்வானின் பதிலடி எழுபத்தொரு விழுக்காடு என்று காட்டியது.
எழுபத்தொன்றை நம்பி
எத்தனை பேரைப் புதைத்திருக்கிறேன்.

பட்டது.
ஈட்டிக்காரன் ஆற்றில் விழுந்தான்.

கொர்வானுக்கு ஒரு நிலை ஏறியது.
எக்காளம் ஊதியது, ஒளி சுற்றி வந்தது.
பலம் அப்படியே. வேகம் அப்படியே.
தற்காப்பு, அதிர்ஷ்டம், எதுவும் அசையவில்லை.
அந்த வெற்றுப் பட்டியலைத் தள்ளிவிட
ஒரு பொத்தான் போதும்.
அமுக்காமல் உட்கார்ந்திருந்தேன்,
கீழே காலை ஷிப்ட் பஸ் வந்து
இரண்டு தடவை ஹார்ன் அடிக்கும்வரை.